முதுகுப் பக்கம் என் பொறுப்பு

சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறேன். மேலே போனதும் நிறுத்தச் சொல்லி நான் போட்ட கூச்சலில், கீழே பஞ்சுமிட்டாய் விற்றவர்கூட அண்ணாந்து பார்த்தார். அப்படிப்பட்டவனுக்குத்தான் விமானத்திலிருந்து குதிக்கிற மனைவி வாய்த்தாள்.

கல்யாணத்தின்போது அவள் குதிப்பவள் இல்லை. இதை யாரிடம் பேசினாலும் முதலில் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் தெரிந்தே கட்டிக்கொண்டதாக நினைத்துவிடுவார்கள். ஆனையூரில் வீடு, வீட்டிலிருந்தே அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனிக்காரர்களோடு தாய்லாந்துக்கு ஒரு முறை சுற்றுலா போனவள், அங்கே ஒரு பயிற்சியாளரோடு பெல்ட்டில் பிணைக்கப்பட்டுக் குதித்துவிட்டு வந்தாள். வந்த பிறகு ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை. பயந்துவிட்டாள், தொல்லை விட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அடுத்த லீவுக்குத் தனியாகக் குதிக்கப் பயிற்சி எடுக்கப் போய்விட்டாள்.

எனக்கு வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவு. நசுங்கின கார், தலைகீழான வேன், முன்சக்கரம் மடங்கின பைக் என்று நாள் முழுக்க விபத்துப் படங்களையே பார்ப்பவன். படத்தில் இருக்கிற ஒவ்வொரு வண்டிக்காரனும் அன்று காலையில் நன்றாகக் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் மனைவி கேலி செய்வாள். செய்யட்டும். கரணம் தப்பினால் மரணம் என்கிற பழமொழியைக் கண்டுபிடித்தவன் என் அலுவலகத்தில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் துணிச்சல்காரிதான், அசட்டுத் துணிச்சல்காரி இல்லை. பாராசூட் வாங்கும்போது கூடக் குதிப்பவர்கள் எல்லாம் சின்னதாக, வேகமாகத் திரும்புகிற ரகத்தைச் சொன்னார்கள். அவள் பெரியதாகப் பார்த்து, பழுப்பும் பச்சையுமாகக் கண்றாவி நிறத்தில் ஒன்றை எடுத்தாள். பெரிய குடை மெதுவாக இறக்கும், தப்புச் செய்தாலும் மன்னிக்கும் என்றாள். குதித்தவர் மயங்கிவிட்டால், தரை நெருங்கும்போது, முதலாவது கைவிட்டால் உதவ வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறந்துவிடுகிற சின்னக் கருவியும் பைக்குள் இருக்கிறது. வீட்டில் இருக்கும் எந்தச் சாமி படத்தையும்விட அந்தக் கருவியைத்தான் நான் மனதார நம்புகிறேன்.

காலையில் குக்கர் விசில் அடிக்கும்போது கூடத்துப் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு கைகளை விரித்துப் பயிற்சி செய்வாள். மேலே பார்ப்பாள். குடை சிக்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு, வலது பக்கக் கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிடுவது போலச் செய்வாள். பிறகு இடது பக்கம், ரிசர்வ். காய் நறுக்கிக்கொண்டே நான் பார்ப்பேன். நினைத்துக்கொண்டு என்பது அவளுக்கு. எனக்கு ஒவ்வொரு காலையும் அந்தக் குடை உண்மையாகவே சிக்கியிருக்கும்.

கை கால்களுக்கு நடுவே துணி வைத்துத் தைத்த விங்சூட்டைப் போட்டுக்கொண்டு பருந்து மாதிரி பறக்கலாம் வா என்று ஒரு சிநேகிதி அவளைக் கூப்பிட்டாள். நூற்றுக்கணக்கான முறை சாதாரணமாகக் குதித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்பது விதி. "அதுக்கு இன்னும் எனக்கு வயசு வரல" என்று மறுத்துவிட்டாள். இன்னும் என்ற அந்தச் சொல்லை நினைத்து நான் பல நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

விமானத்தில் ஏறுமுன் ஒருவர் பையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அது அவர்கள் விதி. அதற்கும் முன்னால் நான் பார்க்க வேண்டும், அது எங்கள் வீட்டு விதி. முன்பக்கத்துக் கைப்பிடி, வார், கொக்கி எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். முதுகுப் பக்கம் என் பொறுப்பு. "பயப்படுறவங்க கண்ணுதான் நல்லாப் பாக்கும்" என்று சொல்லித்தான் இந்த வேலையை என் தலையில் கட்டினாள்.

பையின் முதுகில் மேலும் கீழுமாக இரண்டு மடல்கள். மேல் மடலைத் தூக்கினால் ரிசர்வை மூடிப் பிடித்திருக்கும் சின்னக் கம்பிப் பின் தெரியும். லைசென்ஸ் உள்ள ஆள் ரிசர்வை மடித்து வைத்து, பின்னைச் சுற்றி மெல்லிய சிவப்பு நூலும் ஈய முத்திரையும் போட்டிருப்பார். இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும் நூல்தான். அறுபடாமல் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். கீழ் மடலுக்குள் முதல் பாராசூட்டின் பின் இருக்கும். நூலும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வானத்தில் அவள் ஒரு சின்னக் குடையை எடுத்துக் காற்றில் விடுவாள், அது இந்தப் பின்னை உருவும், பை திறக்கும், பெரிய குடை வெளியே வரும். அவ்வளவுதான் விஷயம்.

போன ஆயுத பூஜைக்கு மாமனார் சோழவந்தானிலிருந்து வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அகத்தி மரத்தோடு கொடியை அணைத்துக் கட்டிக் கட்டி, எதைக் கண்டாலும் கட்டத் துடிக்கும் கை அவருக்கு. எங்கள் வீட்டு கேட், தண்ணீர்க் குழாய், என் ஸ்கூட்டர் கண்ணாடி எல்லாவற்றிலும் அவர் முடிச்சு இருக்கிறது. அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். மகள் குதிப்பதை அவர் பார்த்ததில்லை. மறுநாள் விஜயதசமியன்று, தெற்கே பொட்டல்காட்டில் இருக்கும் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் முகாமுக்கு அவரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

பூஜையன்று மதியம் அவள் பாராசூட்டை மடித்து மூடிவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பையைக் காட்டினாள். சிவப்பு நூலைக் காட்டி, "இது அறுபடாம இருந்தா பத்திரம்னு அர்த்தம்ப்பா" என்றாள்.

அவர் கீழ்ப் பின்னைக் காட்டினார். "அப்ப இதுக்கு?"

"அதுக்கு நூலு கிடையாதுப்பா. வெறும் பின்னுதான்."

"வெறும் பின்னா? இம்புட்டுக் கம்பிய நம்பியா ஆத்தா அம்புட்டு ஒசரம் போற?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பூஜை. ஸ்கூட்டர், லேப்டாப், அரிவாள்மனை வரிசையில் பாராசூட் பையும் உட்கார்ந்தது. துணியில் சந்தனம் படக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் எதிரே ஒரு பூ மட்டும். திருப்பரங்குன்றத்தில் வாங்கிவந்த சிவப்புச் சாமிக் கயிற்றை மாமா எங்கள் கைகளில் கட்டிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என்னுடைய லேப்டாப்பையே நான் தொடவில்லை. அவளும் பையைத் தொடவில்லை. விடிந்ததும் சூடம் காட்டி, அப்படியே எடுத்துக் காரில் வைத்தோம்.

திருப்பரங்குன்றம் மலை தெரிந்ததும் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓடுதளத்தைச் சுற்றிக் கருவேலங்காடு. மேகம் கூடுகிறது, காற்று கிளம்புமுன் முதல் ஆட்களை ஏற்ற வேண்டும் என்று முகாமில் அவசரப்படுத்தினார்கள். விமானம் உறுமிக்கொண்டு நின்றது. பயிற்சியாளரிடம் காற்றைப் பற்றிப் பேசியபடியே அவள் பையை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் முதுகைத் திருப்பினாள்.

மேல் மடலைத் தூக்கினேன். சிவப்பு நூல் இருந்தது. கீழ் மடலைத் தூக்கினேன். அங்கேயும் சிவப்பு நூல் இருந்தது.

ஒரு கணம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மேலே நூல், கீழேயும் நூல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண் சொல்லிவிட்டது. மடலை மூடப் போன விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. சாமிக் கயிறு. மூன்று சுற்றுச் சுற்றி, பின்னையும் அதைப் பிடித்திருக்கும் வளையத்தையும் சேர்த்து இறுக்கின கொடிக்கால் முடிச்சு.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குக் குரல் வரவில்லை. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பையைக் கழற்றினாள். விமானத்தைப் பார்த்து, நான் வரவில்லை என்று கை காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. வந்த குரல் அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்டது. "மாமா! பெத்த பிள்ளையக் கொல்லப் பாத்தீங்களே மாமா!"

மாமா ஓடிவந்தார். கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவுந்துரக் கூடாதுன்னுதான மாப்ள ராத்திரி கட்டினேன். மேல உள்ளதுக்குக் கட்டியிருக்காக, கீழ விட்டுட்டாகன்னு..." என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததை அவருக்கு எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை, கத்தத்தான் செய்தேன். அவள்தான் அவரை நிழலில் உட்காரவைத்தாள்.

"அவுறணும்ப்பா. நான் இழுக்கிறப்ப இது அவுந்தாத்தான் குடை விரியும்."

"அவுறலைன்னா?"

"ரிசர்வ இழுப்பேன். ஆனா சின்னக் குடை பின்னாடியே இழுபட்டுக்கிட்டு வரும். ரெண்டும் சிக்கிக்கிட்டா..." அதோடு நிறுத்தினாள்.

மாமா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, "தப்பு அப்பா மேல இல்லங்க. பூசையில வச்சதத் தொறந்து பாக்காம முதுகுல மாட்டினேன் பாருங்க, அது என் தப்பு" என்றாள். ஏறும் முன்னால் இன்னொருவர் பார்த்திருப்பார், எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்றும் சொன்னாள். இருக்கலாம். அவருடைய கண்ணும் என் கண்ணைப் போல ஒரு கணம் திருப்திப்பட்டிருந்தால்? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கயிற்றை அறுத்தாள். பாயை விரித்து, பாராசூட் முழுவதையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்து மறுபடி மடித்தாள். மாமா கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருந்தார். இனி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். நாங்கள் கட்டிக்கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டாள். மதியத்துக்கு மேல் மேகம் கலைந்தது. காற்று அடங்கியது. பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து, இந்த முறை தானே எல்லாவற்றையும் பார்த்து, பையை மாட்டி, என்னிடம் முதுகைத் திருப்பினாள்.

மேல் மடலில் சிவப்பு நூல். கீழே வெறும் பின். மூடினேன், மறுபடி திறந்து பார்த்தேன். ஏதாவது கோளாறு இருக்காதா என்று தேடினேன். ஒரு பிசிறு, ஒரு கீறல், எதுவாக இருந்தாலும் போதும். ஒன்றும் இல்லை.

"சரியா இருக்கா?"

"சரி" என்றேன்.

போய்விட்டாள். விமானம் கிளம்பி, சத்தம் குறைந்து, மேலே புள்ளியாகிவிட்டது. மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் போவாளா மாப்ள?"

"ஆமா மாமா."

"சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார்.

நான் மட்டும் அதை யோசிக்காமலா இருந்தேன்? "சொல்லலாம் மாமா. பொய்யின்னு ஒரு தடவ தெரிஞ்சுட்டா, அப்புறம் எங்கிட்ட முதுகக் காட்ட மாட்டா. பாக்க ஆளில்லாமப் போவா."

மேலே விமானத்திலிருந்து புள்ளிகள் உதிர்ந்தன. எது அவள் என்று தெரியவில்லை. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். கொடிக்கால்காரர் பிடி, எலும்பு வலித்தது. ஒரு குடை விரிந்தது, நீலம். இன்னொன்று, மஞ்சள். ஒரு புள்ளி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேரில் ஒருவராவது பார்க்க வேண்டும் என்று நான் மட்டும் பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாக அந்தக் கண்றாவிக் குடை விரிந்தது.

"மாமா, விரிஞ்சிருச்சு" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, என் கையை விடவும் இல்லை.

துணியை வாரிச் சுருட்டி அணைத்துக்கொண்டு அவள் பொட்டலில் நடந்து வந்தாள். மாமா எதிரே போனார். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தார். மேல் மடலுக்குள் சிவப்பு நூல் அறுபடாமல் இருந்தது. கீழே பை வாய் பிளந்து, பின் கழன்று, மடல்கள் நாலா பக்கமும் தொங்கின. அதற்குள் கையை விட்டு அடிவரை தடவினார்.

"எல்லாம் அவுந்து கெடக்கு மாப்ள" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதார்.