மைக்கக்காவின் அண்ணத் தகடு

தையல் ஆலையில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். அத்தனை மிஷின் இரைச்சலையும் தாண்டி அவள் குரல் மைக் வைத்ததுபோல மேலாளர் அறைவரை கேட்கும். சங்கத்துக்காகப் பேசுவதும் அவள்தான். நாக்கில் புற்று வந்து பாதியை வெட்டியெடுத்ததும், மேலாளர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். இனி நிம்மதியாக இருங்கள், சங்கத்துக்கு வேறு யாராவது பேசட்டும் என்றார். தண்ணீர் விழுங்கவே திணறிக்கொண்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு நிம்மதி என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

காயம் ஆறியதும் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண், பல்செட் மாதிரி மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு ஒன்றைச் செய்வித்தாள். அதில் வெள்ளைப் பொடியைத் தூவி, வாயில் மாட்டி, "தாத்தா" சொல்லச் சொன்னாள். கழற்றிப் பார்த்தால், நாக்கு தொட்ட இடத்தில் பொடி அழிந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஒரு கீற்றுதான் அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

மைக்கக்காவின் முகம் தொங்கிப்போனது.

"நாக்கு மேல போகலன்னா விடுங்கக்கா. மேல இருக்கறத நாம கீழ இறக்கிடலாம்" என்றாள் அந்தப் பெண்.

பொடி அழியாத இடத்தில் மெழுகு வைத்தாள். மறுபடி பொடி, மறுபடி சொல், மறுபடி மெழுகு. தாத்தா, தட்டு, பாட்டு என்று சொல்லிச் சொல்லி மைக்கக்காவுக்குச் சலித்துவிட்டது. ஆலையின் பின்வாசலை வேலை நேரத்தில் பூட்டி வைக்கிறார்கள். தீப்பிடித்தால் ஓட வழியில்லை. "பூட்டத் தொறங்க" என்பது வாயில் வந்தால் போதும் என்று தாளில் எழுதிக் காட்டினாள். பயிற்சிப் பெண் சிரித்துக்கொண்டே அதையே சொல்லவைத்தாள். வேண்டிய இடமெல்லாம் பொடி அழிந்த பிறகு, மெழுகின் அளவுக்கே தகட்டைத் தடிப்பாக்கிக் கொடுத்தார்கள்.

நிர்வாகத்தோடு சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த நாளில் மைக்கக்கா தகட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சொற்கள் கொஞ்சம் குழறின, ஆனாலும் விளங்கின. மேலாளர் மட்டும் காதில் கைவைத்து, "ஒண்ணும் புரியலம்மா. வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்களேன்" என்றார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"புரியற வரைக்கும் சொல்றேன் சார். எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், கடைசியில் காவலாளியைப் பின்வாசல் சாவியோடு வரச் சொன்னார்.

ழகரமும் றகரமும் இன்றைக்கும் அவளுக்குச் சரியாக வராது. யாராவது சிரித்தால், சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றி வைத்தால் என்ன என்று கணவர் ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"தூங்கறப்ப மட்டுந்தான் கழட்டச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அவர் துவைக்காமல் போட்டிருந்த சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.