சவரியம்மாவின் இடுப்பில் இருந்த மெஷின்

2006ஆம் ஆண்டு கண்டியில் நடந்த மாகாணப் போட்டிக்கு என் தங்கை சவரியம்மா போகாமலே இருந்திருப்பாள். காரணம், தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்று.

அவள் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். சனி, ஞாயிறு மாத்தளையில் பயிற்சி. மற்ற நாளெல்லாம் என்னோடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பாள். பயிற்சி கொடுத்த ஹெர்பர்ட் மாஸ்டருக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ அந்த மெஷினை அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டால், நடந்த அடிகளை எண்ணிக் காட்டும்.

"ஒரு நாளைக்கு எட்டாயிரத்துக்குக் குறைஞ்சா கண்டிக்குக் கூட்டிப் போக மாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தார். ஒரு நாள்கூட ஆயிரத்தைத் தாண்டவில்லை.

"மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனியா, லயத்து வீட்டுல படுத்துத் தூங்குனியா?"

"ஐயோ மாஸ்டர், காலு வீங்கிக் கெடக்கு!"

"மெஷின் பொய் சொல்லாது. இன்னும் ஒரே வாரந்தான்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எண்ணுவதில் பிசகமாட்டேன். திங்கட்கிழமை அவளுக்குப் பக்கத்துச் செடி நிரையைக் கேட்டு வாங்கினேன். அவள் காலையே பார்த்து எண்ணி, ஆயிரம் அடிக்கு ஒரு முடிச்சு என்று சேலைத் தலைப்பில் போட்டேன். மாலையில் ஒன்பது முடிச்சு, அதற்கு மேல் நானூற்றுப் பன்னிரண்டு அடி. மெஷினில் எழுநூற்று ஆறு.

"ஒன் முடிச்ச மாஸ்டர் நம்புவாராக்கா?" என்று அழுதாள்.

அழுதுகொண்டே படங்கை அவிழ்த்தாள். செடி குத்தாமலிருக்க இடுப்பில் இறுக்கிக் கட்டும் சாக்கு அது. அதற்கு அடியில் மெஷின் அமுங்கிக் கிடந்தது. அசைந்தால்தானே எண்ணும்?

மறுநாள் அதைத் தலையில் மாட்டும் கூடைக் கயிற்றில் செருகினோம். ஒவ்வொரு பிடி கொழுந்தைப் பின்னால் வீசும்போதும் கயிறு குலுங்கி அது எண்ணியது. மாலையில் நாற்பத்தோராயிரம்!

"யானகூட இம்புட்டு நடக்காதுடி" என்றாள் பக்கத்தில் பறித்த நல்லம்மா.

சனிக்கிழமை நானும் மாத்தளைக்குப் போனேன். மாஸ்டர் மெஷினைப் பார்த்துவிட்டு, "என்ன, வெளையாடுறீங்களா?" என்றார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க மாஸ்டர்" என்று மெஷினை அவர் இடுப்பில் மாட்டி, அதன் மேல் என் படங்கை இறுக்கிக் கட்டினேன். "நூறு அடி நடங்க. மெதுவா, கொழுந்து பறிக்கிற மாதிரி."

பிள்ளைகள் கூடி நின்று சத்தமாக எண்ணினார்கள். நூறு முடிந்ததும் மெஷினை வெளியே எடுத்தேன். ஏழு.

மாஸ்டர் படங்கை அவிழ்க்காமலே போய்க் கண்டிக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, சவரியம்மா என்று எழுதினார்.

கண்டியில் மூன்றாவதாக வந்தாள். பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்கு ஒன்றாக என் சேலைத் தலைப்பில் பன்னிரண்டு முடிச்சு இருந்தது. பதின்மூன்றாவதைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.