பெரிய பட்டன் வைத்த நீலக் கவுன்

எங்கள் வீட்டில் கவுன் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான். திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் எனக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு வீடு திரும்பினால், பொழுது சாயும்வரை வெளியே தலை நீட்ட முடியாது, வெயில் அப்படி. அந்த நேரத்தில் போனில் தையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிநாட்டில் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் பெண்கள் கோடைப் பகலில் உடுத்திய பருத்திக் கவுன்களை ஒரு நாள் அதில் பார்த்தேன். சட்டை மாதிரி காலர், கழுத்திலிருந்து கீழ்வரை பட்டன், இடுப்பில் ஒரு பிடிப்பு, அதற்குக் கீழே தாராளமான கொசுவம், இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். நம் நைட்டிக்கு உள்ள காற்றோட்டம் அதற்கும் இருந்தது. ஆனால் யாராவது கதவைத் தட்டினால் துண்டைத் தேடி ஓட வேண்டியதில்லை.

காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, அந்த வருஷக் கோடையில் எனக்கு இரண்டு கவுன் தைத்துக்கொண்டேன். என் கணவர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். முதல் கவுனைப் பார்த்துவிட்டு, மெல்லிசைக் கச்சேரியில் பாட எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். இரண்டாவதைப் பார்த்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அண்ணி விழுந்துவிட்டார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாகக் குடியிருந்தார். தொடக்கப்பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் டீச்சர், கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருடைய உதவியும் கேட்டுப் பழக்கமில்லை. கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில் அவருக்கு எதிரில் நான் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நான் பாத்திரத்தின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் தேய்ப்பேன்.

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தவர் பஸ் படியிலிருந்து தவறி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு. முழங்கை தாண்டி மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் போய் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

முதல் நாள் காலை நான்தான் அவருக்குப் புடவை கட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார். நான் கொசுவம் வைத்தேன். இரண்டு தடவை அவிழ்ந்து, மூன்றாவது தடவை ஒரு வழியாக நின்றது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“முப்பத்தஞ்சு வருசம் பசங்களுக்கு டிராயர் பட்டன் போட்டு வுட்டவ நான். இப்போ எனக்கு ஒருத்தி துணி சுத்தி வுடுறா.”

அதில் என் மேல் கோபம் இல்லை என்று புரிந்தது.

மறுநாள் என் நைட்டி ஒன்றைக் கொடுத்தேன். அது அதைவிட மோசமாகப் போயிற்று. தலை வழியாக மாட்டும்போது மாவுக்கட்டு நைட்டியின் கைக்குள் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முகம் துணிக்குள் மூடியபடி, கை மேலே தூக்கியபடி அவர் நிற்க, நான் கத்திரிக்கோலை எடுத்து வந்து நைட்டியின் கையைத் தோள்வரை வெட்டினேன். அன்று முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. கேப்பைக் கூழ் கரைத்துக் கொண்டுபோனேன். பாதி டம்ளர்கூடக் குடிக்கவில்லை.

கவுன் யோசனை அன்று மதியம்தான் வந்தது. முன்பக்கம் முழுக்கத் திறப்பு இருந்தால் தலை வழியாக மாட்ட வேண்டாம். அந்தக் காலத்துக் கவுன்களில் ஒரு வகைக்குக் கையைத் தனியாக வெட்டி இணைக்கவே மாட்டார்கள். தோளோடு சேர்த்து அகலமாக வெட்டிவிடுவார்கள். அதற்குள் மாவுக்கட்டு தாராளமாகப் போகும். இடது கையால் அவரே பட்டன் போட்டுக்கொள்ளலாம்.

அளவெடுக்க இஞ்ச் டேப்போடு போய் நின்றபோது, சின்னப் பிள்ளைகள் போடுவதை நான் எப்படிப் போடுவது என்று கேட்டார். நான் போட்டிருந்த கவுனைக் காட்டினேன். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். பூப்போட்ட துணி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டு அளவெடுத்தேன். தோள், மார்பு, இடுப்பு, கடைசியில் மாவுக்கட்டு. அதன் சுற்றளவு பதினான்கு இஞ்ச் இருந்தது.

முதலில் பழைய கட்டம்போட்ட பெட்ஷீட்டில் சோதனைக்கு ஒன்று தைத்தேன். இரண்டே நாளில் முடிக்கும் அவசரத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்காமல், அழுத்தினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன்களை வரிசையாக வைத்துவிட்டேன். போடுவதற்கு சுலபமாகத்தான் இருந்தது. அண்ணி அறையிலிருந்து நடந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே இடுப்பில் ஒன்று டப்பென்று திறந்தது. அவர் தண்ணீர் டம்ளரை எட்டி எடுத்தார். அடுத்து இரண்டு, டப், டப். எதிரில் இருந்த என் கணவர் தலையைத் தூக்கவே இல்லை. தட்டிலிருந்த கத்திரிக்காயைப் பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாவாடையும் சட்டையும் இருந்ததால் மானத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். குலுங்கிச் சிரித்ததில் மீதிப் பட்டன்களும் திறந்துகொண்டன. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவதை நிதானமாகத் தைத்தேன். வெளிர் நீலப் பாப்ளின், வெள்ளைக் காலர். இடுப்பில் ஒரு இஞ்ச் கூடுதலாக விட்டேன். பேன்ஸி ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய பட்டனாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியதாக, பத்து வாங்கினேன். காஜா பத்தையும் கையாலேயே எடுத்தேன். மூன்று மதியம் ஆயிற்று. நடுவில் கரண்ட் போனபோதும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எடுத்தேன்.

கவுனை வாங்கிக்கொண்டு அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். உதவி செய்யட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். கால் மணி நேரம் போயிற்று, அரை மணியும் ஆயிற்று. கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. பட்டன் எல்லாம் போட்டிருந்தார், ஆனால் ஒன்று மாறி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவரே கண்ணாடியில் பார்த்தார், திரும்ப உள்ளே போனார், கதவைச் சாத்தினார். இந்தத் தடவை இருபது நிமிஷம். வெளியே வந்தபோது எல்லாம் நேராக இருந்தது.

“காபி போடு. நான் பால்காரருக்கு ஏனம் எடுத்து வெக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து ஒரு நாளும் நான் அவருக்குத் துணி உடுத்திவிடவில்லை.

ஆறு வாரம் முடிந்து, கட்டுப் பிரிக்க விழுப்புரம் போக வேண்டிய நாள் வந்தது. வெளியே போவதென்றால் புடவைதான் என்று நினைத்து நான் ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அண்ணி நீலக் கவுனில் வந்து நின்றார். பாக்கெட்டில் பர்ஸ், கைக்குட்டை, கண்ணாடிக்கூடு. புடவையைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார்.

பாசஞ்சர் ரயிலில் கூட்டம். நாங்கள் ஏறியதும், மல்லாட்டை மூட்டையோடு, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது, உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சட்டென்று எழுந்தார்.

“வாங்க சிஸ்டர், உக்காருங்க. கையில அடி பட்டுக்கினு எங்க போறீங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீலக் கவுன், வெள்ளைக் காலர், நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. அச்சு அசலாகக் கன்னியர் மடத்துச் சிஸ்டர். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா மகளுக்கு வரன் அமையவில்லை என்று சொல்லி ஜெபிக்கச் சொன்னார். அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவருடைய கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, மெய்யாகவே ஜெபித்தார். அந்த அம்மா பேரணியில் இறங்கும்போது ஒரு படி மல்லாட்டையை என் பையில் கொட்டிவிட்டுப் போனார்.

ரயில் கிளம்பியதும் அண்ணி என் பக்கம் சாய்ந்தார். “கல்யாணம் ஆவாம இருந்ததுக்கு இன்னிக்கித்தான் எனக்கு சீட்டு கெடச்சுது.” விழுப்புரம் வரைக்கும் நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, ஆனால் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. பந்தை அழுத்திப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் அழுத்திவிட்டு, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று பந்தை ஓரமாக வைத்துவிட்டு, என்னிடம் ஊசியும் ஒரு துண்டுத் துணியும் கேட்டார். காஜா எடுக்கக் காட்டிக்கொடுத்தேன். முதலில் எடுத்தவை எலி கடித்ததுபோல இருந்தன. அவரே பிரித்துப் பிரித்து எடுத்தார். நான் ஊசி பிடிக்கும் விதம் தப்பு என்று நான்காம் நாள் எனக்கே திருத்தம் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

இப்போது அண்ணி விழுப்புரத்தில் தன் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடச் சிநேகிதிகள் இரண்டு பேர், ரிட்டயர்டு டீச்சர்கள், தங்களுக்கும் கவுன் வேண்டும் என்றதால் கோடை வந்தால் துணியோடு திண்டிவனம் வந்துவிடுகிறார். வெட்டுவதும் மிஷினும் என் பொறுப்பு, காஜாவும் பட்டனும் அவருடையது. போன மே மாதம் நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு நிறத்தில் கவுன் போட்டுக்கொண்டு, காலை ஆறரைக்கே பனமலை ஏறினோம். பல்லவர் காலத்துக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன இட்லியைப் பிரித்தோம். கீழே ஏரி. அங்கிருந்து வந்த காற்றில் நான்கு கொசுவமும் புஸ்ஸென்று எழும்பின. அண்ணி தன்னுடையதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் எனக்கு மிளகாய்ப்பொடியை நீட்டினார். நான் அவருக்கு எதிரில் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்து, இன்னும் இரண்டு இட்லி எடுத்துக்கொண்டேன்.