முன் சீற்றில் என் பிள்ளை இருந்தாள்

அன்று அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். என் மனுசனின் தமையன் கனகு அத்தான். அவர் மனைவி பவளம் அக்கா. நிறைமாதமாய் என் மகள் தர்சினி. நான். பிறகு என் மனுசன்... அவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அது. மருமகன் கஜன் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் அத்தான் வீடு. நண்டுக்கறி. பவளம் அக்கா கடைசியில் முருங்கையிலை கிள்ளிப் போட்டு இறக்குவா, அந்த வாசம் படிக்கட்டு வரைக்கும் வரும். மேல்வீட்டு ஜெர்மன்காரி மணத்துக்குக் கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்கும்.

அத்தான் ஃபாப்ரிக்கில், அதுதான் கார் செய்கிற தொழிற்சாலையில், வேலை செய்தவர். அங்கே வேலை செய்பவர்களுக்குப் புதுக்காரை விலை குறைத்துக் கொடுப்பார்கள். ஒரு வருடம் ஓடிவிட்டு விற்கலாம். அப்படி அவர் ஓடிய காரைத்தான் கஜன் வாங்கினான். ஆனால் பெயர் மாற்றவில்லை. இளம் பிள்ளையின் பெயரில் இன்சூரன்ஸ் போட்டால் கட்டி மாளாது. எங்கள் ஆட்களின் கார்களில் பாதி இன்றைக்கும் பெரியப்பா, சித்தப்பா பெயரில்தான் ஓடுகிறது.

கோயிலில் அந்தக் காருக்கு மாலை போட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தபோது அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"ஜெர்மன்காரன் ஒரு ஆணி இறுக்கினால் இறுக்கினதுதான். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

அவர் சொல்லைக் கேட்டு அதே காரை எடுத்தவர்கள் கோயிலில் எத்தனையோ பேர்.

தர்சினிக்குப் பின் சீற்றில் இருந்தால் சத்தி வரும். "நீ முன்னுக்கு இரு பிள்ளை" என்று நான்தான் ஏற்றிவிடுவேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் முன்னால்தான் இருந்தாள். வயிற்றுக்குக் கீழே பெல்ற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு...

கஜன் அன்று காரை, அது ஓடத் தகுதியோ என்று பார்க்கிற டூஃப் சோதனைக்குக் கொண்டுபோயிருந்தான். வந்தவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கனகு அத்தானைக் கேட்டான்.

"மாமா, காரைப் பற்றி உங்களுக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

அத்தான் சோற்றில் இன்னும் கொஞ்சம் கறி விட்டார்.

"டூஃப்காரன் கேட்கிறான், முன் சீற்றில ஆர் இருக்கிறது எண்டு. அந்தப் பக்கத்து எயார்பாக் பிழையாம். வெடிச்சால் இரும்புத் துண்டு பறக்குமாம். கொம்பனி காரைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எப்பவோ அறிவிச்சிட்டுதாம். கார் உங்கட பெயரில எல்லோ? உங்களுக்குத்தான் அனுப்பினவங்களாம்."

தர்சினியின் கை மேசையிலிருந்து வயிற்றுக்குப் போனது. அதை நான் பார்த்தேன்.

"வந்தது..." என்றார் அத்தான். "உதுகள் சும்மா தம்பி. நான் அந்த ஃபாப்ரிக் பெல்ற்றில நிண்டு கார் பூட்டினவன். எங்கட வேலையில பிழை வராது."

பவளம் அக்கா அகப்பையை வைத்தா. "கொம்பனியே தன்ர வாயால பிழை எண்டு சொல்லுது. நீங்கள் என்ன, கொம்பனிக்கு மாமனோ?"

"கோயில்ல எத்தினை பேருக்கு இந்தக் காரை எடுக்கச் சொன்னனான்! எந்த முகத்தோட போய்ச் சொல்லுறது?"

நான் எழும்பினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "என்ர பிள்ளையையும் வயித்தில இருக்கிறதையும் விட உங்கட முகம் பெரிசோ, அத்தான்?" என்றும் கேட்டேன்.

அப்போதுதான் அவர் என் மனுசனைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், கடிதம் வந்த கிழமையே உனக்குச் சொன்னனான்தானே. நீதானே பிறகு பாப்பம் எண்டனீ."

என் மனுசனின் கையில் நண்டுக்கால். உடைக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"அண்ணைக்கு ஒரு மாதிரியாப் போயிடும் எண்டுதான்..." என்றார். அவ்வளவுதான்.

நான் பிள்ளையை முன் கதவால் ஏற்றிவிடுகிற ஒவ்வொரு முறையும் இந்த மனுசன் பின்னால் என் பக்கத்தில் இருந்தவர்.

அன்று நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.

காரைத் திருத்த அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு சதம் வாங்கவில்லை. கொம்பனிக் கராஜில் நின்றவன் கஜனுக்குக் கோப்பி கொடுத்து, கைகொடுத்து மன்னிப்பும் கேட்டானாம். அத்தானும் பிறகு வந்தார். வாசலில் நின்று, "பிள்ளை, பெரியப்பா பிழை விட்டிட்டன்" என்று தர்சினியிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அந்தக் கார் வைத்திருந்தவர்களைத் தேடித்தேடிச் சொன்னார். ஒருவர் சிரித்தார், ஒருவர் ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றாராம். அடுத்த முறை எங்கள் வீட்டில் நண்டு சமைத்தபோது நானே அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மனுசன் மட்டும் வாய் திறக்கவில்லை. பேத்தி பிறந்த பிறகு அவளைத் தோளை விட்டு இறக்கவில்லை, அது உண்மை. ஆனால் நான் அந்தக் கதையை எடுத்தால் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். அப்படியே போய்ச் சேர்ந்தும் விட்டார்.

போன கிழமை கஜனின் புதுக்காருக்கும் அப்படி ஒரு அறிவித்தல் வந்தது. இப்போது ஃபோனிலேயே வருகிறது. சோறு தின்றுகொண்டே ஒரு கையால், காரைத் திருத்தக் கொடுக்கிற நாளுக்கு டெர்மின் எடுத்தான். "இதே கார் வைச்சிருக்கிற ஆக்கள் பாருங்கோ" என்று கோயில் குறூப்பிலும் போட்டுவிட்டான். ஒருவருக்கும் வெட்கமில்லை. நன்றி சொல்லிக் கைகூப்பின படங்கள் வந்து விழுந்தன. அன்றைக்கும் இவ்வளவு சுலபமாய் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்... பிறகு யோசித்தால், அன்றைக்கும் சுலபம்தான். பக்கத்தில் இருந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

காலையில் படத்துக்குப் பூ வைக்கிறேன். சீனி கூடப் போட்ட கோப்பி வைக்கிறேன், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். அதிலெல்லாம் குறை வைத்ததில்லை.

கொம்பனியை மன்னித்தேன். கனகு அத்தானை மன்னித்தேன். வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதுகிறேன், நான் மன்னிக்காத ஆளின் பெயர் அது.

சண்முகநாதன்.