நாய்ப்பேர் வைத்த பிள்ளை

மாகெலெபோனேவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாவது சாவின் கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்று இன்ச்சா, அதாவது நாய், என்று பேர் வைத்தாள். அவர்கள் ஊரான மாஃபெடெங் பக்கம் அப்படிப் பிழைத்த பிள்ளைகள் நிறைய. அவளுக்குப் பேர் மட்டும் போதவில்லை. இத்தனை வருஷத்தில் மகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்" என்பாள். சோளக்களியில் பெரிய உருண்டையை அவன் தட்டில்தான் வைப்பாள்.

இப்போது இன்ச்சா காவலில் இருந்தான். பீர்க் கடையில் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டான். சிறைக்கா, வீட்டுக்கா என்று முடிவு செய்யுமுன் பையனின் குணத்தை விசாரித்து எழுதச் சொல்லியிருந்தார் நீதிபதி. அதற்காகக் காவல் நிலையத்துக்கு வந்தவள் டிபுவோ, உளவியல் படித்த மசேரு நகரத்துப் பெண்.

"மனுஷங்க குணத்த அஞ்சு பக்கமா பாப்போம்மா. கலகலன்னு பழகுறது, பொறுப்பு, விட்டுக்கொடுக்கிறது, சட்டுனு கொதிக்கிறது, புதுசா கத்துக்கிற ஆசை. உங்க பையன் எப்படி?"

மாகெலெபோனேவின் நாக்கு பழகிய தடத்திலேயே ஓடியது. "அவனா? திம்பான், தூங்குவான். சரியான முரடன். நாய்க்கு ஏதும்மா குணம்?"

டிபுவோ எழுதிக்கொண்டாள். பெற்றவளே சொன்னால் யார்தான் எழுதமாட்டார்கள்?

"பொறந்ததுலேர்ந்தே இப்படியா? பாதி ரத்தத்துல வரும்மா. மீதி வளந்த விதத்துல வரும், கேட்டு வளந்த பேச்சுல வரும்."

மாகெலெபோனே அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவன் கேட்டு வளர்ந்த பேச்சு முழுக்க அவளுடையதுதானே.

"இது நீதிபதிக்குப் போயிடுமா?"

"நாளைக்கே. தாய் சொல்றதத்தான் மொதல்ல படிப்பார்."

மாகெலெபோனே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நல்லது சொன்னால் சாவு கேட்டுவிடும். சொல்லாவிட்டால் சிறை விழுங்கிவிடும். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை போச்சு. இவளிடம் போய் இதை எப்படி விளக்குவது?

"அடிச்சுடும்மா அத!" என்று கத்தினாள். "எம்புள்ள தங்கம்மா! கொட்டுற பனியில ஆட்டுக்குட்டியத் தன் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு, தான் வெறச்சுப்போயி வந்தவம்மா. எனக்குக் காய்ச்சல்னா பொம்பளைங்க கேலி பண்ணாலும் தண்ணி தூக்குவான். அந்தக் குடிகாரன் என்னையப் பத்திக் கேவலமாப் பேசினான், அதான் கைநீட்டிட்டான். அவன மாதிரி ஒரு புள்ள எவளுக்கும் கெடைக்காதும்மா. எழுதிக்க, எல்லாத்தையும் எழுதிக்க!"

சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று கூரையைப் பார்த்தாள்.

கேட்டவன் வராந்தாவில் இருந்தான். போலீஸ்காரர் பக்கத்திலிருந்து எழுந்து வந்து இன்ச்சா வாசலில் நின்றான். அரண்டு போயிருந்தான். பெற்ற தாய் மகனை இப்படிப் புகழ்ந்து அவன் கேட்டதெல்லாம் செத்தவனின் சவக்குழி ஓரத்தில்தான்.

"அம்மா," என்றான். "என்னையத் தூக்குல போடப் போறாங்களா?"