என் உடம்பே பாரம்

காவேரிப்பட்டினம் சந்தைக்குப் போகும்போது சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது தோள் நழுவிவிட்டது. கட்டு அவிழ்த்த வைத்தியர், "இன்னும் பாரம் தூக்காதீங்க" என்றார். நீச்சலில் ஏது பாரம்? பழைய பலம் சீக்கிரம் திரும்பட்டும் என்று எங்கள் தோட்டக் கிணற்றில் குதித்தேன்.

தண்ணீரில் தோள் துளியும் வலிக்கவில்லை. களைக்கும்வரை நீந்தினேன். கோடையில் நீர் கடைசிப் படிக்கும் கீழே இறங்கியிருந்தது. படிக்கல்லைப் பிடித்து எம்பியதும் தோளில் சுரீரென்று வலி. கை நழுவி நீருக்குள் போனேன். மறுபடி முயன்றால் கை எழவேயில்லை. அலறினேன்.

மேலே மாடு பூட்டிய கவலை ஏற்றத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்த தம்பி, கயிற்றில் கட்டிய சால் என்னும் பெரிய வாளியை என்னிடம் இறக்கினான்.

"சால்ல காலை வெச்சி, கயித்தக் கெட்டியா புடிச்சிக்கண்ணா!"

மாடுகள் என்னை இழுத்து மேலே சேர்த்தன.

"பாரம் தூக்காதன்னு சொன்னாங்க இல்ல?"

"நான் எங்கடா தூக்கினேன்?"

"உன்னையே தூக்குனியேண்ணா!"

நீச்சலை நான் விடுவதாக இல்லை. இப்போது தினமும் ஆற்றோரம் இடுப்பளவு நீரில் நின்று கையை மெல்லச் சுழற்றுகிறேன். வலித்தால் அன்றைக்கு அதோடு சரி. வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, குடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கூட்டித் தூக்கிப் பழகுகிறேன். அரைக்குடம் வந்துவிட்டது. நிறைகுடம் வலிக்காமல் எழும் நாளில் கிணற்றில் குதிப்பேன். அதுவும் தம்பி கவலை ஓட்டும் நேரம் பார்த்து.