நிலாக்குழிக்கு வைத்த பெயர்

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதுக்கு வந்து குவிந்த உதவிப் பொருட்களில் பாதி எங்கள் வெயிலுக்கு ஒத்துவராதவை. கம்பளிச் சட்டை, பனிச் சப்பாத்து, எப்படித் திறப்பது என்று தெரியாத தகர டப்பாக்கள். எங்கள் பங்குக்கு வந்த பெட்டியில் கையுறைகளுக்கு அடியில் ஒரு சின்னத் தொலைநோக்கியும் நாலாக மடித்த நிலா வரைபடமும் கிடந்தன. பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் இல்லாமல் படுத்துக் கிடந்தவர்களுக்கு நிலா பார்க்கக் குழாய் அனுப்பிய அந்தப் புண்ணியவானை நினைத்து நானும் தங்கச்சியும் சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகியிருந்தார். மிஞ்சியது உம்மா, நான், தங்கச்சி. தம்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவனைத் தேடாத ஆஸ்பத்திரி இல்லை. அன்று கிடைத்த மையத்துகளை அடையாளம் பார்க்க நேரமில்லாமல் ஒன்றாக அடக்கினார்கள். அவனும் அவர்களோடு இருந்திருக்கலாம். உம்மா அப்படி நினைக்கவே மறுத்தார். மவுத்தானவர்களுக்கு ஓதும் கத்தத்தை அவனுக்காக ஓதவும் விடவில்லை.

"உசிரோட இரிக்கிறவனுக்குக் கத்தம் ஓதுவாங்களா?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

யுத்தம் முடியும்வரை நான் அந்தக் குழாயை வெளியே எடுக்கவில்லை. நீளமான ஒரு சாமானை முற்றத்தில் நிறுத்தி வானத்தைப் பார்க்கத் திருப்பினால் விளக்கம் சொல்லியே ஆள் களைத்துப்போகும் காலம் அது. கம்பளிச் சட்டையில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டிருந்தேன். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து சில மாதங்கள் போன பிறகு, கடலிலிருந்து தள்ளிக் கட்டித் தந்த புதுவீட்டு முற்றத்தில் அதை முதன்முதலாக நிறுத்தினேன்.

பிறை பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நோன்புக்கும் பெருநாளுக்கும் சனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, நாவிதன்வெளி வயல் பக்கமாக மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறை கண்டாயிற்று என்று பள்ளிவாசலில் அறிவித்ததும் அவ்வளவுதான், பிறகு நிலாவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். குழாயில் கண்ணை வைத்த பிறகுதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

முதலில் வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். அதை வரைந்தவருடைய ஊரில் பாதி நிலா நிமிர்ந்து நிற்கும் போலிருக்கிறது. எங்கள் முற்றத்தில் அது வெளிச்சப் பக்கம் கீழாகச் சரிந்து கிடக்கிறது. போதாக்குறைக்குக் குழாய் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டியது. கீழே தேடச் சொன்னதை மேலே தேடி, மேலே இருக்க வேண்டியதைப் பக்கத்தில் கண்டுபிடித்து, கடைசியில் வரைபடத்தைச் சுழற்றிச் சுழற்றி வழிக்குக் கொண்டுவந்தேன்.

வெளிச்சமும் இருட்டும் தொடும் இடத்தில் ஒரு பெரிய குழி என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. உட்சுவர் படிப்படியாக இறங்கி இருட்டுக்குள் மறைந்தது. அந்த இருட்டின் நட்டநடுவில் ஒரு மலையின் நுனி மட்டும் தனியாக வெளிச்சத்தில் நின்றது. வானத்திலிருந்து கல் விழுந்தால் பள்ளம் வரும், சரி. மலை எங்கிருந்து வந்தது? விடை தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த நாள் கல்முனையில் இணையக் கடைக்குப் போய்த் தேடினேன். விழுந்த அடியின் வேகத்தில் அமுங்கிய தரை திரும்பி மேலே எழும்பி, எழும்பிய நிலையிலேயே உறைந்துவிட்டதாம்.

குழிகளுக்கு வைத்த பெயர்களின் கதை அதைவிடச் சுவையாக இருந்தது. பெரும்பாலும் ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர்கள். அந்தக் காலத்தில் வானம் பார்த்த அரபிகளின் பெயர்களும் இருந்தன, ஐரோப்பியர் வாயில் பட்டு உருமாறி. பெரிய குழியைச் சுற்றியுள்ள குட்டிக் குழிகளுக்குப் பெரியதன் பெயரோடு ஓர் எழுத்து. இந்தக் காலத்து அரசியல்வாதிகளின் பெயரும் படைத் தளபதிகளின் பெயரும் வைக்கவே கூடாது என்று சட்டம். வாசித்ததும் சிரிப்பு வந்தது. கொடுத்தவர் பெயர்ப்பலகை இல்லாத கிணறு எங்கள் பக்கத்தில் அப்போது கிடையாது. கழிவறைக் கதவிலும் ஒரு நாட்டின் கொடி இருந்தது. நிலா மட்டும் எங்கள் தொகுதியில் இருந்திருந்தால் குழிக்குக் குழி திறப்பு விழா நடந்திருக்கும்.

என்னுடைய குழிக்கு வரைபடத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர் போட்டிருந்தது. எனக்கு அது வாயில் நுழையவில்லை. மனதுக்குள் தம்பியின் பெயரால் அதைக் கூப்பிடத் தொடங்கினேன்.

இடையில் கலியாணம் முடித்திருந்த தங்கச்சிக்கு அந்த மாதத்தில்தான் ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் முடி களைந்து பெயர் வைக்க வேண்டும். தம்பியின் பெயரைத்தான் வைப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். உம்மா விடவில்லை.

"ஒரு வீட்டுல ஒரே பேரில ரெண்டு பேரா? அவன் வந்தா எப்பிடிக் கூப்பிடுற?"

தங்கச்சி அழுதாள். உம்மாவும் அவளும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டார்கள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர் வைக்கும் நாளிலும் இந்தச் சண்டை தொடரப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு உம்மா முற்றத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் குழாயடியில் நின்றேன்.

"என்னத்தப் பாக்காய்?"

"ஒரு குழி உம்மா. அதுக்குத் தம்பிட பேர் வெச்சிரிக்கன்."

உம்மா எழும்பிவிட்டார். "என்ட புள்ளைக்குக் குழி வெட்டிட்டியா நீ?"

எனக்குக் குழி என்றால் நிலாவில் இருப்பது. உம்மாவுக்கு அது மையத்துக்கு வெட்டுவது. இதை விளக்கிச் சொல்லி, இது வெறும் பள்ளம்தான் என்று கெஞ்சி, பார்த்துவிட்டு ஏசுங்கள் என்று குழாயடிக்கு அழைத்துப் போனேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"அதுக்குப் பக்கத்துல என்ன கறுப்பா?"

"அதுக்குக் கடல் எண்டு பேர்."

சட்டென்று முகத்தை எடுத்தார்.

"தண்ணி இல்ல உம்மா. தூரத்துல நிண்டு பாத்தவங்க கடல் எண்டு நினைச்சிப் பேர் வெச்சிட்டாங்க. காய்ஞ்ச தரை."

மறுபடி குனிந்தார். இந்த முறை நெடுநேரம் பார்த்தார்.

"ஆருட பேரயும் வைப்பாங்களா இதுகளுக்கு?"

வாசித்தது நாக்கு நுனியில் இருந்தது, யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "மவுத்தாகினவங்கட பேரத்தான் வைப்பாங்க. அதுவும் உடன வைக்கமாட்டாங்க. மூணு வருசமாவது போகணும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. உம்மா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் மூணு வருசம்?"

"தெரியா உம்மா. அதுக்குக் காரணம் ஒண்டும் போடல்ல."

"ஆள் திரும்பி வந்திருமோ எண்டு பாக்கிறதாக்கும்" என்றார்.

பிறகு நிமிர்ந்து, முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நமக்கு நாலு வருசமும் முடிஞ்சிட்டு" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

வீட்டுக்குள் போய்த் தங்கச்சியின் அறைக் கதவைத் திறந்தார். பிள்ளையைத் தூக்கி, தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்கு முற்றத்தில் கேட்டது. இரண்டாம் முறை கூப்பிட வாயெடுத்தவரால் முழுப் பெயரையும் சொல்லி முடிக்க முடியவில்லை.